ஆல்-அவுட்டைக் கேட்டு வாங்குகிறவர்

இந்த சீசன் கபடியில் அதிகம் திட்டு வாங்கியவர் ஒரு பயிற்சியாளர். பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டைம்-அவுட்டில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேச மாட்டார். அவர் மேல் சொல்லப்படும் புகார் ஒன்றே ஒன்றுதான்: களத்தில் ஆள் குறைந்ததும் அணியைக் கைகழுவி விடுகிறார், போராடச் சொல்வதில்லை. தொலைக்காட்சியில் மட்டுமா, டீக்கடையில் உட்கார்ந்து பார்க்கிறவர்களும் இதையே சொல்கிறார்கள். எனக்கு அந்த மனிதர் மேல் கொஞ்சம் பாசம் உண்டு, அதை மறைக்கப்போவதில்லை. ஆனால் பாசத்தை ஒதுக்கிவைத்துக் கணக்குப் பார்த்தாலும் அவர் பக்கம்தான் நியாயம் நிற்கிறது.

அந்த முடிவை எடுத்துக்கொள்வோம். முதல் பாதியில் எட்டு, ஒன்பது நிமிடம் போயிருக்கிறது. களத்தில் இரண்டு பேர், இருவருமே பிடிக்கிறவர்கள். அணியின் பெரிய ரெய்டர் வெளியே. ரிவைவல் வரிசையில் அவருக்கு முன்னால் இன்னும் இருவர். நாம் எல்லோரும் என்ன கத்துவோம்? "சூப்பர் டேக்கிள் இருக்கு, இழு, நேரத்தைக் கடத்து!" அவர் காட்டும் சைகை நேர் எதிர். போ, போனஸைத் தொடு, அவுட் ஆகி வா.

இழுத்தால் என்ன கிடைக்கும்? பெரிய ரெய்டர் உள்ளே வர மூன்று பேர் எழ வேண்டும். போனஸ் புள்ளி யாரையும் எழுப்பாது. சூப்பர் டேக்கிள் இரண்டு புள்ளி தரும், ஆனால் எழுவது ஒரே ஆள். அப்படியானால் இந்த இரண்டு பேர் ஒருவர்கூட விழாமல் மூன்று முறை ஜெயிக்க வேண்டும். எதிரணிக்கோ அவசரமே இல்லை. ஒரு ரெய்டு முப்பது விநாடி; இரு அணியும் ஆளுக்கு ஒருமுறை சும்மா போய் வந்தால் ஒரு நிமிடம் கரைந்துவிடும். மூன்றாவது ரெய்டு கட்டாயமாகும் வரை அவர்கள் ஆழமாக உள்ளே வரத் தேவையில்லை. இந்தக் கண்ணாமூச்சி நடக்கிற நேரமெல்லாம், அணியின் பாதிப் புள்ளியை எடுக்க வேண்டிய ஆள் தோளில் துண்டோடு தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். நாற்பது நிமிட ஆட்டத்தில் ஐந்தாறு நிமிடம் அவர் இல்லாமலே ஓடிவிடும். அதற்கு யாரும் ஸ்கோர்போர்டில் புள்ளி காட்டுவதில்லை, அதனால் அது நஷ்டமாகவே தெரிவதில்லை.

விட்டுக்கொடுத்தால்? முதலில் விழுகிறவருக்கு ஒன்று, கடைசி ஆளுக்கு ஒன்று, ஆல்-அவுட்டுக்கு இரண்டு: நான்கு. கடைசி ஆள் போனஸ் எடுத்துவிட்டால் நிகரமாக மூன்று. அந்த விலைக்கு ஏழு பேரும் திரும்பக் கிடைக்கிறார்கள், பெரிய ரெய்டரும் சேர்த்து, ஆட்டத்தில் முப்பது நிமிடம் மிச்சம் இருக்கும்போதே.

நம்பாதவர்கள் அடுத்தமுறை இந்தப் பயிற்சியாளரை விட்டுவிட்டு எதிரணியைக் கவனியுங்கள். கடைசி ஆள் உள்ளே வருகிறார். கார்னர்கள் இரண்டு பேரும் பின்வாங்குகிறார்கள். கவரில் நிற்கிறவர் டேஷ் அடிக்க வாகான தூரத்தில் இருந்தும் கையை மடக்கிக்கொள்கிறார். பிடிக்க முடியாமலா? பிடித்தால் ஆல்-அவுட் விழும், பெரிய ரெய்டர் எழுந்து வந்துவிடுவார் என்று அவர்களுக்குத் தெரியும். இரண்டு புள்ளி சும்மா கிடைக்கும்போது ஜெயித்துக்கொண்டிருக்கிற அணியே வேண்டாம் என்கிறது. அந்த இரண்டு புள்ளியின் உண்மையான மதிப்பு என்ன என்பதற்கு இதைவிடச் சாட்சி எதற்கு? அப்போதுதான் நம்மவரின் பையன் யாரும் தொடாமலே பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே காலை வைக்கிறான். அதைத்தான் மூன்று கோணத்தில் திரும்பத் திரும்பப் போட்டுக்காட்டி, "பரிதாபம்" என்கிறார்கள்.

இதே மனிதர் ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது அப்படியே தலைகீழாக மாறிவிடுவார். அப்போது ஒற்றை ஆளை வைத்துக்கொண்டு இழுப்பார். தடுப்புக் கோட்டைத் தாண்டிவிட்டுத் திரும்பு, அவ்வளவுதான் உத்தரவு. கடைசி விசில் ஊதிவிட்டால் விழாத ஆல்-அவுட் விழாததுதான். இடைவேளைக்கு முன்னால் மட்டும் இழுக்க மாட்டார், ஏனென்றால் பாதி முடியும்போது களத்தில் எத்தனை பேரோ, அத்தனை பேரோடுதான் அடுத்த பாதி தொடங்கும். இடைவேளை விசில் யாரையும் எழுப்பாது. இது தெரியாத பயிற்சியாளர் கிடையாது. தெரிந்தும், கூட்டத்தின் சத்தத்துக்குப் பயந்து இடைவேளை வரை இரண்டு பேரை வைத்து இழுத்து, இரண்டாம் பாதியின் ஐந்து நிமிடத்தையும் சேர்த்துக் கெடுத்துக்கொண்டவர்கள் இந்த சீசனிலேயே உண்டு. அவர்களுக்குக் கிடைத்த பட்டம் "போராளி".

இந்தக் கோளாறு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நம்மில் பலர் கபடி பார்க்கப் பழகியது செம்மண்ணில், கோயில் கொடையை ஒட்டி விடிய விடிய நடக்கும் போட்டிகளில். அங்கே கடைசி ஆள்தான் கதாநாயகன். ஒற்றை ஆளாகப் பாடிப் போய் இரண்டு பேரைத் தொட்டு வந்தவனைத் தோளில் தூக்கிச் சுற்றுவார்கள். வேண்டுமென்றே அவுட் ஆனவன் மறுநாள் தெருவில் நடக்க முடியாது. அந்த ரோஷம் நல்ல ரோஷம்தான், அதில்லாமல் இந்த ஆட்டமே இல்லை. ஆனால் கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே நின்று கத்துகிற பெரியவரின் வேலையும் பயிற்சியாளரின் வேலையும் ஒன்றாகிவிடாது.

கணக்கு மட்டும் போட்டால் நல்ல பயிற்சியாளர் ஆகிவிட முடியுமா? மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிற பையன் இதே கணக்கை இன்னும் வேகமாகப் போடுவான். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தக் கடைசி ஆளுக்கு இருபது, இருபத்தொரு வயதுதான் இருக்கும். கார்னரில் நின்று கணுக்காலைப் பிடிப்பது அவன் தொழில். அடுத்த ஏலத்தில் அவன் விலையைத் தீர்மானிக்கப்போவது டேக்கிள் எண்ணிக்கை. அவனிடம் போய், நாடே பார்க்க நீயாக அவுட் ஆகு, நாளைக்கு உன்னைக் கேலி செய்வார்கள், பரவாயில்லை என்று சொல்ல வேண்டும். அவனும் ஒரு நொடிகூடத் தயங்காமல் செய்ய வேண்டும். தயங்கினால் எல்லாம் போச்சு: பாதி மனதோடு போகிறவன் போனஸும் எடுக்க மாட்டான், அவுட்டும் ஆக மாட்டான், முப்பது விநாடியைத் தின்றுவிட்டு வந்து நிற்பான். நம்மவரின் பையன்கள் தயங்குவதில்லை. ஆட்டம் முடிந்து பேட்டி எடுக்கும்போது அவர் சொல்லும் ஒரே பதில், "நான்தான் சொன்னேன்." பையன் பெயரைக்கூட எடுப்பதில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் அவன் அடுத்த ஆட்டத்திலும் கோட்டைத் தாண்டிக் காலை வைக்கிறான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நடுக்கோட்டிலிருந்து போனஸ் கோடு 4.75 மீட்டர். அதைத் தாண்டும்போது பின்னங்கால் தரையில் இருக்கக் கூடாது. ரெய்டருக்கு இது மூச்சு விடுவது மாதிரி. பிடித்தே பழகிய கார்னர்க்காரனுக்கு அப்படி வராது. மற்ற அணிகளின் கடைசி ஆட்களைப் பாருங்கள்: இரண்டு காலும் தரையில் ஊன்றி இருக்க, கோட்டைத் தாண்டிவிட்டதாகக் கையைத் தூக்குவார்கள், நடுவர் தலையாட்டுவார், புள்ளியும் இல்லாமல் விழுவார்கள். விட்டுக்கொடுத்தல் என்று யாராவது எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அதைச் சொல்லட்டும். நம்மவரின் கார்னர்கள் காலை எடுக்கிற விதத்தைப் பார்த்தாலே தெரிகிறது, யாரும் பார்க்காத காலைப் பயிற்சிகளில் இதற்கென்று நேரம் ஒதுக்கியிருக்கிறார்.

டைம்-அவுட்டில் ஒலிவாங்கி வைத்துக் கேட்கிறோமே, அந்தக் கூச்சலை வைத்துப் பயிற்சியாளரை எடைபோடுகிற பழக்கத்தைப் பற்றிப் பேசவே அலுப்பாக இருக்கிறது. "அழுத்தம் கொடு, ஆக்ரோஷமாக ஆடு" என்பதைக் கேட்டு எந்தக் கவர் திருந்தினான்? குறை சொல்ல வேண்டுமென்றால் நம்மவரிடம் குறை இல்லாமல் இல்லை. ரிவ்யூவை வீணாக்குவதில் மன்னர். வலது கவர் தடுமாறுகிறான் என்பது கடைசி வரிசை ரசிகனுக்குத் தெரிந்து பத்து நிமிடம் கழித்துத்தான் மாற்று ஆளை எழுப்புவார்.

இனி என்ன நடக்கும்? அடுத்த சீசனில் எதிரணிகள் கடைசி ஆளைப் பிடிக்காமல் ஒதுங்குவது இன்னும் கூடும். பக்கக் கோட்டைத் தாண்டிக் காலை வைப்பதும் கூடும். ஒன்றிரண்டு அணிகளாவது போனஸ் எடுக்கத் தெரிந்த கார்னருக்கு ஏலத்தில் கூடுதல் விலை கொடுக்கும், வர்ணனையாளர்கள் அதற்கு ஒரு அழகான பெயர் வைத்துப் பாராட்டத் தொடங்குவார்கள். அதற்கடுத்த சீசனில் விதியில் கை வைப்பார்கள் என்று நினைக்கிறேன்: ஆல்-அவுட்டுக்கு மூன்று புள்ளி, அல்லது தானாக வெளியேறுவதற்குத் தண்டனை. மூன்று புள்ளியாக்கினாலும் பத்தாவது நிமிடத்தில் அவர் இதையேதான் செய்வார். பதினெட்டாவது நிமிடத்தில்தான் கொஞ்சம் யோசிப்பார்.

அதுவரை அவர் அந்தப் பெஞ்சில் இருப்பாரா என்பது சந்தேகம். சீசன் முடிந்ததும் உரிமையாளர் மேஜைக்கு ஒரு அட்டவணை போகும், அதில் "வாங்கிய ஆல்-அவுட்" என்ற பத்தியில் நம் அணிதான் முதலிடத்தில் இருக்கும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி கத்துகிற ஒருவரைக் கொண்டுவருவார்கள். நம்மவர் புள்ளிப்பட்டியலின் கடைசியில் கிடக்கிற ஏதாவது ஒரு அணிக்குப் போவார். ஏலத்தில் அவர் முதலில் கை தூக்கப்போவது, கோட்டைத் தாண்டிக் காலை வைத்துப் பேர் கெட்டுப்போன அந்தப் பையனுக்குத்தான்.