அன்னமும் ஆடும்

நன்னூல் எழுதிய பவணந்தி முனிவருக்குக் கேலி நன்றாகவே வரும். மாணவர்களை முதல், இடை, கடை என்று தரம் பிரித்து எட்டு உவமைகளை வைக்கிறார். அன்னமும் பசுவும் முதல் தரம். மண்ணும் கிளியும் இடைத்தரம். ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகிய நான்கும் கடை. 13-ஆம் நூற்றாண்டுக்காரர், செமஸ்டரைக் கண்டதில்லை. ஆனாலும் பூந்தமல்லி – ஆவடி சாலையில், பாரிவாக்கம் சிக்னலில் காலையில் திணறி நிற்கும் கல்லூரி பஸ் ஏதாவதொன்றில் ஏறிப் பாருங்கள். இன்டர்னல் தேர்வு நாளாக இருந்தால், எட்டு வகையும் ஒரே பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்.

இந்த எட்டில் எனக்குப் பிடித்த ஜோடி அன்னமும் ஆடும். ஆடு ஒரு செடியில் நிற்காது. இங்கே ஒரு கடி, அங்கே ஒரு கடி. அன்னமும் கிடைத்ததையெல்லாம் உண்பதில்லை. பாலை எடுத்துக்கொண்டு நீரை விட்டுவிடும் என்பது கவிஞர்கள் சொல்லும் வழக்கு. இரண்டுமே நிறைய விடுகின்றன. அப்புறம் ஏன் ஒன்று முதல் வரிசையில், இன்னொன்று கடைசி பெஞ்சில்? எதை விடுகிறோம் என்பது அன்னத்துக்குத் தெரியும். வேகமாகப் படிக்கும் கலையின் ருசி முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

அதைச் சரியாகச் செய்கிறவர்களைப் பக்கத்திலிருந்து பார்ப்பது ஒரு சுகம். சில்பர்ஷாட்ஸ், கால்வின், கேக்னே மூவரும் எழுதிய ‘ஆப்பரேட்டிங் சிஸ்டம் கான்செப்ட்ஸ்’ புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். அட்டையில் டைனோசர், உள்ளே இருக்கும் கனமும் ஏறக்குறைய அதே. நாளைக்கு டெட்லாக், அதாவது ப்ராசஸ்கள் ஒன்றுக்காக ஒன்று காத்திருந்து முடங்கிப்போவது பற்றிய பாடத்தில் தேர்வு. தேர்ந்த மாணவி முதல் பக்கத்தைத் திறக்கவே மாட்டாள். புத்தகத்தைக் குப்புறப் போட்டுக் கடைசியிலிருந்து திறப்பாள். இன்டெக்ஸில் அந்தச் சொல்லுக்குக் கீழே என்னென்ன உட்தலைப்புகள், எது ஒரே பக்கத்தில் முடிகிறது, எது பல பக்கம் ஓடுகிறது என்று விரலை வைத்துப் பார்ப்பாள். பிறகு அத்தியாயத்துக்குள் போய், தலைப்புகளை மட்டும் பார்த்துக்கொண்டே கடைசியிலுள்ள சுருக்கம் வரை ஒரே நடை. நடுவில் படங்களில் மட்டும் கண் நிற்கும்: வட்டங்கள், செவ்வகங்கள், எது எதைப் பிடித்துக்கொண்டு எதற்காகக் காத்திருக்கிறது என்று சொல்லும் அம்புக்குறிகள்.

அதன் பிறகுதான் வாசிப்பு ஆரம்பம். டெட்லாக் வர நான்கு நிபந்தனைகளும் ஒரே சமயத்தில் கூடவேண்டும்: மியூச்சுவல் எக்ஸ்க்ளூஷன், ஹோல்ட் அண்ட் வெயிட், நோ ப்ரீஎம்ஷன், சர்குலர் வெயிட். இங்கே ஒரு வரியையும் விடமாட்டாள். பேங்கர்ஸ் அல்காரிதம் வந்ததும் வேகம் அப்படியே விழும். டெட்லாக்கைத் தவிர்க்க டைக்ஸ்ட்ரா வகுத்த முறை அது. பென்சிலும் வெள்ளைத்தாளும் வெளியே வரும். மேக்ஸிலிருந்து அலோகேஷனைக் கழித்தால் நீட். அது கையிருப்புக்குள் அடங்கும் ப்ராசஸ் எது, அது முடித்துவிட்டுத் திருப்பித் தருவதைச் சேர்த்தால் அடுத்து எது? அந்த ஒரு அட்டவணைக்கு அரை மணி நேரம் போனாலும் போகட்டும் என்று உட்கார்ந்திருப்பாள். முடிந்ததும் அடுத்த பகுதியில் பத்திக்கு ஒரு வாக்கியம் என்று மறுபடியும் ஓட்டம். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் நான் ரசிக்கிறேன். ஒரே வேகத்தில் ஓடுகிறவர்கள், எவ்வளவு வேகமாக ஓடினாலும், என் கண்ணுக்கு ஆட்டு ஜாதிதான்.

டெல்லி ஐ.ஐ.டி.யில் படித்து, பின்னாளில் கனடாவில் கணினித் துறைப் பேராசிரியராக இருந்த எஸ். கேசவ், 2007-ல் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தார். ஆய்வுக் கட்டுரையைப் படிப்பது எப்படி என்று சொல்லும் சிறிய கட்டுரை அது. மூன்று சுற்று. முதல் சுற்றுக்கு ஐந்திலிருந்து பத்து நிமிஷம்: தலைப்பு, சுருக்கம், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை, அவ்வளவே. தொடரலாமா வேண்டாமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். இரண்டாவது சுற்றில் படங்களையும் வரைபடங்களையும் உற்றுப் பார்க்கவேண்டும், நிரூபணங்களைத் தாண்டிவிடலாம். மூன்றாவதில், எழுதியவர் செய்த வேலையை நாமே மனசுக்குள் திரும்பச் செய்து பார்க்கவேண்டும். பழகாதவர்களுக்குப் பல மணி நேரம் பிடிக்கும். வயிறு நிறைய மேய்ந்துவிட்டு அப்புறம் உட்கார்ந்து அசைபோடும் பசுவின் வேலை இது. முதல் இரண்டு சுற்றும் அன்னத்துடையவை. பவணந்தி அன்னத்தையும் பசுவையும் ஒரே தரத்தில் வைத்ததன் நியாயம் கேசவைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சொற்கள் என்று விளம்பரம் செய்யும் வகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவி நிற்கும், மறுபடி தாவும். ஒவ்வொரு நிறுத்தமும் ஏறக்குறைய கால் விநாடி. உளவியலாளர் கீத் ரேய்னர் குழுவினர் வாசிப்பு பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2016-ல் வெளியிட்ட கட்டுரையின் முடிவு நேரானது: வேகத்தை ரொம்பக் கூட்டினால் புரிதல் குறையும். வேகத்துக்குத் தடை கண்ணில் இல்லை, சொல்லை அடையாளம் கண்டு பொருள் கொள்வதில் இருக்கிறது. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலப் பாடநூலில் திணறும் பையனுக்கு இது நல்ல சேதி. அவனுக்குக் குறைவது கண்பயிற்சி இல்லை, அந்தப் பாடத்தின் ஐம்பது, நூறு சொற்கள். அவற்றை முதலில் பழகிக்கொண்டால் வேகம் தன்னால் வரும்.

நெய்யரிக்கு வருவோம். நெய்யை ஒழுகவிட்டு அழுக்கைப் பிடித்துவைக்கும் பன்னாடை அது. அண்ணா பல்கலைக்கழகத்தின் வினாத்தாள் அமைப்பு ஊரறிந்தது: பத்து இரண்டு மார்க், ஐந்து பதின்மூன்று மார்க், ஒரு பதினைந்து மார்க். இதற்கென்றே ஜெராக்ஸ் கடைகளில் ‘இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ்’ கட்டு கிடைக்கிறது. அதுவும் பொறுக்கியெடுத்த வாசிப்புதான், ஆனால் பொறுக்கியது வேறு யாரோ. அரியர் தேர்வுக்கு முந்தின ராத்திரி அதை வாங்குகிறவனை நான் குறை சொல்லமாட்டேன். முதல் வாரமே வாங்கி வைத்துக்கொள்கிறவன்மேல்தான் கொஞ்சம் வருத்தம்.

பொறுக்கத் தெரியவேண்டுமானால் எதிரே நாலு புத்தகம் இருக்கவேண்டும். அதற்கு வழி செய்தவர் சீர்காழிக்காரர். பிரசிடென்சி கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1931-ல் வெளிவந்த அவருடைய ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. கவுண்டரில் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல் வாசகரே அலமாரி வரை போகவேண்டும், ஒரே பொருளைப் பேசும் நூல்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கவேண்டும் என்பதெல்லாம் அந்த விதியிலிருந்து பிறப்பவை. அவர் வகுத்த கோலன் பகுப்பு முறையை இன்று நம் கல்லூரிகள் பெரும்பாலும் பின்பற்றுவதில்லை, டியூயி எண்கள்தான். நான்காவது விதி மட்டும் அலமாரிகளில் உயிரோடு இருக்கிறது.

அந்த டியூயி கணக்கில் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு எண் 005.43. டைனோசரைத் தேடி அங்கே போகிற மாணவி, அதே தட்டில் டானன்பாம் எழுதிய ‘மாடர்ன் ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ்’ நூலையும் பார்க்க வாய்ப்புண்டு. அதிலும் டெட்லாக் அத்தியாயம் இருக்கிறது. ஆனால் அவர் முதலில் சொல்லும் தீர்வு நெருப்புக்கோழி அல்காரிதம்: தலையை மணலுக்குள் புதைத்துக்கொண்டு பிரச்சினையே இல்லை என்று இருந்துவிடுவது. விளையாட்டுப் பேச்சு இல்லை. டெட்லாக் எப்போதோ ஒருமுறை வருவது, தடுக்க ஆகும் செலவோ அன்றாடம் என்றால், கண்டுகொள்ளாமல் விடுவதே லாபம் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார். சிலபஸுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்ப வந்தவள் இந்த இடத்தில் சிரித்துவிட்டு, கேள்வியில் வராது என்று தெரிந்தும், அந்தப் பகுதியை ஒரு வரி விடாமல் படித்து முடிப்பாள்.