அஞ்சலி: பிள்ளைகள் கண்டுபிடித்த ரகசியம்

மணிரத்னம் இயக்கி 1990 ஜூலையில் வெளியான ‘அஞ்சலி’ ஒரு பொய்யின் மேல் நிற்கும் கதை. மூன்றாவது குழந்தை இறந்தே பிறந்ததாக மனைவி சித்ராவிடம் (ரேவதி) சேகர் (ரகுவரன்) சொல்லிவிடுகிறான். மூளை வளர்ச்சிக் குறைபாடுள்ள அந்தக் குழந்தை அஞ்சலியோ (ஷாமிலி) உயிரோடு இருக்கிறது. இது தெரியாத மூத்த பிள்ளைகள் அர்ஜுனும் (தருண்) அனுவும் (சுருதி) பெற்றோருடன் புதிதாக ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்து சேர்கிறார்கள்.

அந்தக் களமே படத்தின் பெரிய பலம். சென்னையில் அபிராமபுரம், அடையாறு பக்கமெல்லாம் தனி வீடுகள் இடிபட்டு ஃபிளாட்டுகளாகிக்கொண்டிருந்த காலம் அது. அக்கம்பக்கத்தாரை ஒதுங்கி நின்றே எடைபோடும் பெரியவர்களுக்கு நடுவே, மாடிப்படியும் மொட்டைமாடியும் பிள்ளைகளின் ராஜ்ஜியம். சிறை சென்று வந்த ஆண்டனி (பிரபு) அவர்களுக்குப் பயமும் புதிருமாக இருக்கிறார். அப்பாவை வேறொரு பெண்ணோடு பார்த்துவிடுவதும் பிள்ளைகள்தான். அந்தச் சந்தேகம் வீட்டுக்குள் வெடித்த பிறகே அஞ்சலி இருப்பது வெளியே வருகிறது. துருதுருப்பை வெறும் வேடிக்கையாக விடாமல் கதையை நகர்த்தும் விசையாக்கியது தமிழில் அபூர்வம்.

நட்பைக் காட்டுவதில் படம் அவசரப்படுகிறது. அஞ்சலியைக் கேலி செய்த கூட்டம் அவளை ஏற்றுக்கொள்ளும் மாற்றம் உருக்கமாக இருக்கிறது, படிப்படியாக நிகழவில்லை. அதற்குரிய நேரத்தை விண்வெளிக் கற்பனைப் பாட்டும், காதல் ஜோடிக்குப் பிள்ளைகள் துணைபோகும் குறும்பும் எடுத்துக்கொள்கின்றன. வயதுக்கு மீறிய பேச்சு தியேட்டரில் சிரிப்பை வரவழைத்தது உண்மைதான். ஆனால் பல இடங்களில் பேசுவது வசனகர்த்தா, சிறுவன் அல்ல. பேச்சே அதிகமில்லாத ஷாமிலி, பார்வையாலும் மிரட்சியாலும் மற்ற எல்லோரையும் மிஞ்சிவிடுகிறார்.

முடிவுதான் பெரிய சறுக்கல். தூக்கத்திலேயே உயிர் பிரிந்த தங்கையை எழுந்திருக்கச் சொல்லி அனு கதறும் காட்சி அழவைக்கும். ஆனால் மாற்றுத்திறனாளிக் குழந்தை சுற்றியிருப்போரைத் திருத்திவிட்டு இறந்துபோனதும், அவளோடு அன்றாடம் வாழ்வது எப்படி என்ற கேள்வியும் சேர்ந்தே மறைந்துவிடுகிறது.

ஷாமிலி, தருண், சுருதி மூவரும் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆஸ்கருக்கும் இந்தியா இந்தப் படத்தையே அனுப்பியது. சிறுவர்களைச் சிறுவர்களாகவே பேசவிட்டதில் 2015இல் திரைக்கு வந்த மணிகண்டனின் ‘காக்கா முட்டை’ இதைத் தாண்டிவிட்டது. ஒரு ரகசியத்தைப் பிள்ளைகள் வழியாக அவிழ்த்த திறமையில் ‘அஞ்சலி’க்கு இன்னும் ஈடில்லை.