அவளும் அவரும்: இரண்டு வேதங்களுக்கு நடுவே பெண்கள்

ஆரணியிலிருந்து போளூர் போகும் தடத்தில், வடமாதிமங்கலத்துக்கு அருகே திருமலை என்ற சமணக் குன்று இருக்கிறது. அங்குள்ள முதலாம் இராசேந்திரனின் பாறைக் கல்வெட்டை வரலாறு படித்த எல்லோருக்கும் தெரியும். அவன் கங்கை வரை சென்று வென்ற நாடுகளின் பட்டியலுக்காகத்தான் அதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அந்தக் கல்வெட்டு அதற்காக வெட்டப்பட்டது அல்ல. சாமுண்டப்பை என்ற வணிகர் மனைவி குந்தவை சினாலயத்துக்கு விளக்கெரிக்கக் கொடுத்த கொடையைப் பதிவு செய்யவே அது வெட்டப்பட்டது. மன்னனின் புகழ் அதற்கு முகவுரை. நாம் முகவுரையை மட்டும் படித்துவிட்டு, கொடுத்தவளை விட்டுவிட்டோம்.

அதே குன்றில் நேமிநாதருக்குப் பதினாறு அடிக்கும் மேலான சிலை இருக்கிறது. தருமதேவி இயக்கிக்கும் அங்கே வழிபாடு உண்டு. கோயிலுக்குப் பெண்ணின் பெயர், விளக்குக்குப் பெண்ணின் காசு, வணங்குவதற்குப் பெண் தெய்வம். ஆனால் தமிழ்ச் சமணர் பின்பற்றும் திகம்பர மரபில் பெண்ணுடலோடு வீடுபேறு அடைய முடியாது. ஆணாகப் பிறந்து வந்துதான் அடைய வேண்டும். பெண்ணை வணங்குவது வேறு, பெண்ணுக்கு உரிமை கொடுப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எங்கள் பக்கத்தில் கிடைக்காது. கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் இடையே நடந்துவரும் சண்டையை இந்தப் பாடத்தோடுதான் நான் வாசிக்க விரும்புகிறேன்.

அந்தச் சண்டை எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அம்மாவைப் பெற்ற ஆயா சேத்துப்பட்டு லூர்து மாதா கோயிலைச் சேர்ந்தவர். அப்பாவைப் பெற்ற ஆயா ஆரணி சி.எஸ்.ஐ. இரண்டு பேரும் கூலிக்குத் தார் சுற்றியவர்கள். ஒருவர் கையில் செபமாலை, இன்னொருவர் கையில் பைபிள். “மரத்தையும் மண்ணையும் கும்பிடறாங்க” என்று இவர் சொல்வார், “மாதாவையே மதிக்காதவங்களுக்கு மகன் மட்டும் எதுக்கு?” என்று அவர் கேட்பார். இந்த வாதத்தை இரண்டு பேரும் தாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆண்கள் எழுதிய வாதம் அது. பெண்கள் வாயில் வந்து தங்கியிருந்தது.

தமிழில் அந்த வாதம் தொடங்கி முந்நூறு ஆண்டுகள் ஆகின்றன. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து அச்சிட்டார். அதே நூற்றாண்டில் வீரமாமுனிவர் ‘வேத விளக்கம்’ எழுதி லுத்தரன் சபையாருக்கு மறுப்புச் சொன்னார். அவர்களுடைய தமிழைக் கேலியும் செய்தார். மாதாவை வணங்கலாமா, சுரூபம் வைக்கலாமா, வேதத்தை யார் விளக்கலாம் என்பவை வாதத்தின் பொருள்கள். வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சியிலும் கோணான்குப்பத்திலும் மாதாவுக்குக் கோயில் எடுத்தவர். பெரியநாயகி என்று அம்மன் பெயரையே சூட்டியவர். ஆனால் காப்பியம் எழுத உட்கார்ந்தபோது, 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணிக்குத் தலைவனாக அவர் வைத்தது மரியாவின் கணவர் சூசையை. மாதாவுக்குக் கோயில், சூசைக்குக் காப்பியம். காப்பிய மரபு தலைவனைத்தான் கேட்கிறது என்று சொல்லலாம். மரபு கேட்டதைக் கொடுத்தார் என்பதே என் விமர்சனமும்.

எங்கள் பகுதிக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டில் இங்கே இரண்டு மிஷன்கள் எதிரெதிரே வேலை செய்தன. அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்கடர் குடும்பத்தார் 1853இல் தொடங்கிய ஆற்காடு மிஷனுக்கு ஆரணி ஒரு நிலையம். சேத்துப்பட்டில் பிரெஞ்சுப் பாதிரியார் தாராஸ். 1876–78 தாது வருடப் பஞ்சத்தையொட்டி அவரிடம் பெருந்திரளாக ஞானஸ்நானம் பெற்றவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள்.

ஆற்காடு மிஷன் ரிபார்ம்டு சபையைச் சேர்ந்தது. அந்தச் சபை ஏற்றுக்கொண்ட 1563ஆம் ஆண்டின் ஹைடல்பர்க் வினாவிடையில் ஒரு கேள்வி இருக்கிறது: எழுத்தறியாதவர்களுக்குப் புத்தகமாகக் கோயிலில் படங்கள் இருக்கலாமா? கூடாது என்பது பதில். ஊமைச் சிலைகள் அல்ல, உயிருள்ள பிரசங்கமே கற்பிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. சிலைகள் படிக்காதவர்களின் புத்தகம் என்பது கத்தோலிக்கத் தரப்பின் பழைய வாதம். படிக்காதவர்கள் யார் என்று இரண்டு தரப்பும் சொல்லவில்லை. வட ஆற்காட்டில் அதற்கு விடை எளிது. தலித்துகள், அவர்களிலும் பெண்கள்.

அப்படிப் பார்த்தால் சிலை பற்றிய சண்டை என்பது எழுத்தறியாத பெண்ணுக்கு என்ன கொடுப்பது என்பது பற்றிய சண்டை. கத்தோலிக்கத் தரப்பு, அவள் படிக்காதவளாகவே இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டு அவளுக்கு ஒரு தாயைக் கொடுத்தது. புராட்டஸ்டண்டு தரப்பு தாயை எடுத்துக்கொண்டு எழுத்தைக் கொடுத்தது. சுரூபத்தைப் பறித்த பிறகு பள்ளிக்கூடம் திறக்காமல் இருக்க அவர்களால் முடியவில்லை. அவர்களுடைய இறையியலே அவர்களை அங்கே தள்ளியது. பெண்கள் பள்ளிகள் வந்தன, வீடு வீடாகப் போய் வேதம் வாசித்த பைபிள் உமன்கள் வந்தார்கள். இரண்டு கொடைகளும் உண்மையானவை. இரண்டுக்கும் பெண்கள் விலை கொடுத்தார்கள்.

செபமாலையை எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்றில் 53 முறை ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லப்படுகிறது. வீண் வார்த்தைகளை அடுக்க வேண்டாம் என்ற மத்தேயு 6ஆம் அதிகாரத்தைக் காட்டி புராட்டஸ்டண்டுகள் இதைக் கண்டிப்பார்கள். ராட்டையில் கை ஓடிக்கொண்டிருக்க, வாய் சொல்லக்கூடிய செபம் அது. புத்தகம் வேண்டாம், விளக்கு வேண்டாம், ஓய்வு வேண்டாம். வீட்டில் அதை முன்னின்று சொல்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். வேலையை நிறுத்த முடியாதவளுக்கு வாய்த்த செபத்தை, வேலையை நிறுத்திவிட்டுப் புத்தகம் விரிக்க முடிந்தவர்கள் கேலி செய்தார்கள். ஆனால் அந்தச் சொற்கள் அவளுடையவை அல்ல. மறுபக்கத்தில் என் சி.எஸ்.ஐ. ஆயா பெண்கள் கூட்டத்தில் எழுந்து நின்று தன் சொந்தச் சொல்லில் ஜெபிப்பார். குடிகாரப் புருஷன், கூலி பாக்கி, மருமகளின் பிரசவம் எல்லாம் அதில் வரும். ஒரு தலித் பெண் நாலு பேர் முன்னால் தன் கதையைத் தானே சொல்ல அந்த ஜெபம் இடம் கொடுத்தது.

வேதம் எது என்ற சண்டைக்கும் இதே வாசிப்பு பொருந்தும். கத்தோலிக்கரின் பழைய ஏற்பாட்டில் 46 நூல்கள், புராட்டஸ்டண்டுகளிடம் 39. எபிரேய மூலம் உண்டா, சபை எப்போது ஏற்றது என்றுதான் வாதிடுவார்கள். விடுபட்டவற்றில் யூதித்து இருக்கிறாள், படையெடுத்து வந்த தளபதியின் தலையை வெட்டிய விதவை. தானியேல் இணைப்பில் சூசன்னா இருக்கிறாள். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் அவளை மிரட்டுகிறார்கள்; இணங்க மறுத்ததும் அவள் மேலேயே பழி போடுகிறார்கள்; பஞ்சாயத்து அவர்களை நம்பி அவளுக்கு மரண தண்டனை விதிக்கிறது. தானியேல் குறுக்கிட்டு, சாட்சிகளைத் தனித்தனியாக விசாரித்துப் பொய்யை உடைக்கிறான். இந்தக் கதை தேவைப்படாத ஊர் எது? சி.எஸ்.ஐ. ஆயாவின் பைபிளில் அது இல்லை. கத்தோலிக்க ஆயாவின் வேதத்தில் இருந்தது, அவருக்குப் படிக்கத் தெரியாது. பாவத்தின் தொடக்கம் பெண்ணே என்று சொல்லும் சீராக் நூலும் அந்த ஏழில் ஒன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி மொழிபெயர்ப்பு. தமிழ்ப் புராட்டஸ்டண்டுகள் இன்றும் பெரும்பாலும் 1871இன் மொழிபெயர்ப்பையே வாசிக்கிறார்கள். கத்தோலிக்கர் கையில் இருப்பது 1995இல் வந்த ‘திருவிவிலியம்’ பொது மொழிபெயர்ப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கானாவூர்க் கல்யாணத்தில் இயேசு தன் தாயை அழைக்கும் சொல் முன்னதில் ‘ஸ்திரீயே’, பின்னதில் ‘அம்மா’. மரியா முன்னதில் அவள், பின்னதில் அவர். இதைப் பார்த்ததும் புராட்டஸ்டண்டு வேதம் பெண்ணை இழிவு செய்கிறது என்று முடிவுகட்டத் தோன்றும். நியாயமாகச் சொன்னால், அதில் பேதுருவும் ‘அவன்’தான். தெய்வத்துக்கு மட்டுமே மரியாதை விகுதி. மனிதர் எல்லோரும் ஒரே தரை. அந்தச் சமத்துவம் அச்சுப் பக்கத்தோடு நின்றுபோனதுதான் கோளாறு. சபைக்குள் போதகர் ‘ஐயர்’ ஆனார், அவர் மனைவி ‘ஐயரம்மா’ ஆனார்.

பொது மொழிபெயர்ப்பின் மரியாதை விகுதியை நான் வரவேற்கிறேன். விபசாரத்தில் பிடிபட்டதாகக் கொண்டுவரப்பட்ட பெண்ணையும் அதில் இயேசு ‘அம்மா’ என்று அழைக்கிறார். பொதுவெளியில் ‘வாடி போடி’ என்று அழைக்கப்பட்டே வளர்ந்த பெண்களுக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் மரியாதை விகுதி எங்கே நிற்கிறது என்பதை உரோமையர் 16ஆம் அதிகாரத்தில் பார்க்கலாம். பவுல் அங்கே ஒரு பெண்ணை அறிமுகம் செய்கிறார். பழைய மொழிபெயர்ப்பில் அவள் ‘பெபேயாள்’, ‘ஊழியக்காரி’. பொது மொழிபெயர்ப்பில் அவர் ‘திருத்தொண்டர்’. தமிழ்க் கத்தோலிக்கத் திருச்சபையில் திருத்தொண்டர் என்பது குருப்பட்டத்துக்கு முந்தைய பட்டத்தின் பெயர். அந்தப் பட்டம் இன்று ஆண்களுக்கு மட்டும்தான். திருச்சபையின் சொந்த மொழிபெயர்ப்பு முதல் நூற்றாண்டுப் பெண்ணுக்குக் கொடுத்த சொல்லை, 21ஆம் நூற்றாண்டுப் பெண்ணுக்குத் திருச்சபை கொடுக்கவில்லை. பெண்களுக்குக் குருத்துவம் தர அதிகாரம் இல்லை என்று 1994இல் இரண்டாம் ஜான் பால் அறிவித்தார். பெண் திருத்தொண்டர் பற்றி ஆராய 2016இலும் 2020இலும் போப் பிரான்சிஸ் குழுக்கள் அமைத்தார். பட்டம் வரவில்லை.

‘ஊழியக்காரி’ என்று எழுதியவர்களின் வாரிசுகள் என்ன செய்தார்கள்? தென்னிந்தியத் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் தருகிறது. 2013இல் புஷ்பலலிதா நந்தியால் திருமண்டலத்தின் பேராயரானார். மரியாவை ‘அவள்’ என்ற சபை பெண்ணைப் பேராயராக்கியது. ‘அவர்’ என்ற சபை பலிபீடத்தில் அவருக்கு இடம் தரவில்லை. இதை வைத்து எந்தச் சபைக்கும் நான் நற்சான்று தரப்போவதில்லை. நந்தியாலுக்கு முன்னால் எத்தனை பைபிள் உமன்கள் போதகருக்கு வழி திறந்துவிட்டு, கூட்டம் சேர்ந்ததும் பின்வரிசைக்குப் போனார்கள் என்பதும் அந்தச் சபையின் வரலாறுதான்.

மாதாவா, வேதமா என்று கேட்டு இரண்டு சபைகளும் பெண்களை வரிசை பிரித்தன. வழிபாட்டில் எது சரி என்பதை இறையியலாளர்கள் இன்னும் முந்நூறு ஆண்டு பேசட்டும். நமக்கு வேறு கேள்விகள் இருக்கின்றன. இந்த வேதத்தை யார் வாசிக்கிறார், யார் விளக்குகிறார், யார் அப்பத்தைக் கையில் எடுக்கிறார்? நம் பெண்கள் கூட்டங்களில் இரண்டு மொழிபெயர்ப்புகளையும் ஒரே மேசையில் வைத்து வாசிக்கலாம். சூசன்னாவைக் கத்தோலிக்கப் பெண்கள் கொண்டுவரட்டும்; எழுந்து நின்று சொந்தச் சொல்லில் ஜெபிக்கும் பழக்கத்தைச் சி.எஸ்.ஐ. பெண்கள் கொண்டுவரட்டும். முதல் பாடமாக உரோமையர் 16ஐ எடுத்துக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரவர் பங்குத்தந்தையிடமும் போதகரிடமும் போய்க் கேட்கலாம்: பெபேயாள் நம் ஊருக்கு வந்தால் எங்கே நிற்பாள்?