டிரில்: நான்கு ஊர், நான்கு பாணி

ஹிப் ஹாப் குடும்பத்தில் அதிகம் வசை வாங்கிய பிள்ளைகளுள் ஒன்று டிரில். வன்முறைப் பாட்டு என்று ஒரே சொல்லில் அதைத் தள்ளிவிடுகிறார்கள். காது கொடுத்துக் கேட்டால் அதற்குள் பாணிகள் உண்டு, இலக்கணம் உண்டு, தரம் பிரிக்க அளவுகோலும் உண்டு.

சிகாகோவின் தெற்குப் பகுதி அதன் தாய்வீடு. 'டிரில்' என்றால் அந்தத் தெருப்பேச்சில் பழிக்குப் பழி வாங்குவது. 2010 வாக்கில் பேக்மேன் என்ற ராப்பர் அச்சொல்லைப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். 2012இல் சீஃப் கீஃப் 'ஐ டோன்ட் லைக்' பாடியபோது அவருக்கு வயது 16. யங் சாப் அமைத்த இசையில் அட்லாண்டாவின் டிராப் இசை வழி வந்த கனத்த பேஸ் அதிர்கிறது. குரலோ அழுகையும் ஆத்திரமும் காட்டாமல் மரத்துப்போய் ஒலிக்கிறது. பிள்ளைகளை அடிக்கடி பறிகொடுத்த தெருவின் குரல் அது. அந்த மரத்துப்போன தன்மையே சிகாகோ பாணியின் முத்திரை. கேட்டி காட் பேண்ட்ஸ், சாஷா கோ ஹார்ட் போன்ற பெண்களும் அங்கே முன்வரிசையில் நின்றார்கள்.

லண்டனின் பிரிக்ஸ்டன் இளைஞர்கள் இதைக் கையில் எடுத்தபோது இலக்கணமே மாறியது. வேகம் நிமிடத்துக்குச் சுமார் 140 தாள அடி. பேஸ் ஒரே சுரத்தில் நிற்காமல், வீணையின் ஜாருபோல வழுக்கி அடுத்த சுரத்துக்குப் போகும். ஸ்னேர் டிரம்மின் அடி ஒரு சுற்றில் மூன்றாம் எண்ணிக்கையிலும் அடுத்த சுற்றில் நான்காம் எண்ணிக்கையிலும் விழும். காது காத்திருக்கும் இடத்தைத் தாண்டி அடி விழுவதால் பாட்டுக்கு ஒரு தவிப்பு வந்துவிடுகிறது. 2018இல் காவல்துறை கேட்டுக்கொண்டதன்பேரில் யூடியூப் 30 வீடியோக்களுக்கு மேல் நீக்கியது. ஆனாலும் 2021இல் டியான் வெய்ன், ரஸ் மில்லியன்ஸ் இருவரின் 'பாடி' பிரிட்டிஷ் தரவரிசையில் முதலிடம் பிடித்தது.

நியூயார்க்கின் புரூக்ளினைச் சேர்ந்த ராப்பர் பாப் ஸ்மோக், லண்டனைச் சேர்ந்த 808மெலோவின் தாளத்தை இணையத்தில் கண்டெடுத்தார். 2019இல் வந்த 'வெல்கம் டு த பார்ட்டி'யில் அந்தத் தாளத்தின்மேல் அவருடைய அடித்தொண்டைக் கரகரப்பு ஏறியதும் நியூயார்க் பாணி பரவலாகப் பெயர் பெற்றது. 2020 பிப்ரவரியில், 20 வயதில், அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே ஆண்டில் கானாவின் குமாசியில் 'அசகா' என்ற டிரில் பாணி எழுந்தது. தாளம் லண்டன், நியூயார்க் வழியில் வந்தது; மொழி ட்வி. யா டாக்கின் 'சொரே' அந்த ஊரின் பெயரை வெளியுலகுக்கு எடுத்துச் சென்றது.

டிரில் பாட்டைத் தரம் பார்க்க மூன்றைக் கவனிக்கலாம்: பேஸின் வழுக்கல், சொல் விழும் இடம், பாடுபவரின் ஊர்ப்பேச்சு. முதல் இரண்டும் பழக்கத்தால் கைவரும். மூன்றாவது இரவலாகக் கிடைக்காது. நான்கு ஊர்களும் நான்கு பாணிகளாக நிலைத்தது அதனால்தான். மாண்டுபோனவன் பெயரைச் சொல்லி ஏளனம் செய்யும் பாட்டுகளும் இம்மரபில் உண்டு. தாளம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அவை தாழ்ந்தவையே. தன் தெருவின் துயரத்தைத் தன் பேச்சிலேயே சொல்லும் பாட்டுதான் உயர்ந்த டிரில்.