கூண்டைத் திறந்துவிடும் கலை

புறா வளர்ப்பு மற்றப் பறவை வளர்ப்புகளிலிருந்து ஓர் இடத்தில் அடியோடு விலகி நிற்கிறது. லவ் பேர்ட்ஸோ ஃபின்ச்சோ வளர்க்கிற வீட்டில் கூண்டுக் கதவு திறந்து கிடந்தால் அது விபத்து. புறா வளர்க்கிற வீட்டில் அதுவே அன்றாட வேலை. காலையில் கதவைத் திறந்துவிடுகிறார்கள், பறவை வானத்துக்குப் போகிறது, பிறகு அதே மாடிக்கு வந்து இறங்குகிறது. போனது போனபடியே போய்விட அதற்கு எந்தத் தடையும் இல்லை. அப்படியும் திரும்பி வருகிறதே, அங்கேதான் வளர்த்தவரின் கைத்திறன் இருக்கிறது. நிறத்தையும் கொண்டையையும் பார்த்துவிட்டு நகர்கிறவர்கள் இந்தக் கலையில் பாதியைக்கூடப் பார்த்தவர்கள் இல்லை.

காவேரிப்பாக்கம் இதற்கு வாய்ப்பான ஊர். சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி, பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தில் வெட்டப்பட்டதாகச் சொல்லப்படும் பெரிய ஏரியின் பக்கத்தில் இருக்கிறது. வானத்தை மறைக்கும் உயரக் கட்டடங்கள் கிடையாது. மேலே ஏறிய புறாவுக்கு ஒரு பக்கம் ஏரித் தண்ணீர், இன்னொரு பக்கம் நெடுஞ்சாலை என்று அடையாளங்கள் தெளிவாகக் கிடக்கின்றன. ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைக்கோ ஷூ கம்பெனிக்கோ ஷிப்டுக்குப் போய்வரும் இளைஞனுக்கு மொட்டை மாடியில் நாலு பலகையும் கொஞ்சம் வலைக்கம்பியும் இருந்தால் போதும். கிளி வளர்ப்பதைவிட இது நிம்மதியானதும்கூட. பச்சைக்கிளியையும் மைனாவையும் சில்லையையும் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீட்டுப் புறாவுக்கு அந்தத் தொல்லை இல்லை.

வீட்டுப் புறா தமிழுக்குப் புதிதல்ல. பத்துப்பாட்டில் ஒன்றான நக்கீரரின் நெடுநல்வாடையில் கூதிர்கால மழை விடாமல் பெய்கிறது. வீட்டுப் புறாச் சேவல் பெடையோடு தெருவில் இறங்கி இரை பொறுக்கவும் முடியாமல், இரவா பகலா என்றும் தெரியாமல், தங்கும் பலகையில் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருக்கிறது. ஐப்பசி மழையில் எந்தப் புறாக்கூண்டை எட்டிப் பார்த்தாலும் இன்றும் இதே காட்சிதான். கூண்டு வைத்திருந்தவர் யாரோ ஒருவர் அருகில் நின்று பார்த்துச் சொன்னது போன்ற துல்லியம் அது.

பறக்கவிட்டு ரசிக்கும் கலைக்கு எழுத்துச் சான்று என்றால் அபுல் ஃபசலின் அயினி அக்பரி. அக்பரிடம் 20,000க்கும் மேற்பட்ட புறாக்கள் இருந்தன என்றும், அவற்றில் 500 முதல் தரமானவை என்றும் அது கணக்குச் சொல்கிறது. முதல் தரத்துக்கு அளவுகோலும் உண்டு: 15 சுற்று, 70 கரணம். மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து உருதுக் குடும்பங்களில் புறா ‘கபூதர்’ ஆகிவிடுகிறது. சங்கப் பாட்டுப் புறாவும் முகலாயக் கபூதரும் இந்த வட்டாரத்தில் ஒரே மாடியில் இரை தின்கின்றன. சார்லஸ் டார்வினுக்கும் இந்தக் கதையில் ஒரு மதராஸ் தொடர்பு இருக்கிறது. 1855 முதல் தன் வீட்டிலேயே புறா வளர்த்து ஆராய்ந்த அவருக்கு இந்தியப் புறாக்களின் தோல்களை அனுப்பியவர் மதராஸ் மாகாணத்து அதிகாரி வால்டர் எலியட். 1770இல் எழுதப்பட்ட பாரசீகப் புறா நூல் ஒன்றின் மொழிபெயர்ப்பையும் அவரே கொடுத்தார். 1859இல் வந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் முதல் அத்தியாயத்தில் புறாவுக்கு அத்தனை இடம் கிடைத்ததற்கு இப்படிப் பல ஊர் மாடிகள் காரணம்.

தமிழ்நாட்டில் பறக்கும் புறாக்கள் மூன்று வகை. ஹோமர் தூரத்துக்கு, சாதா நேரத்துக்கு, கர்ணம் வித்தைக்கு. எங்கோ கொண்டுபோய் விட்டால் வீடு திரும்பும் வேகத்தை வைத்து ஹோமரை மதிப்பார்கள். சாதாப் புறா எத்தனை மணி நேரம் இறங்காமல் வானத்தில் நிற்கிறது என்பதே கணக்கு. சென்னையில் இந்தப் பந்தயங்கள் பல தலைமுறையாக நடக்கின்றன. 2015இல் வந்த ‘மாரி’ படம் சென்னைப் புறாக்காரர்களையும், 2024இல் வந்த ‘பைரி’ நாகர்கோவில் பக்கத்துப் புறாக்காரர்களையும் காட்டின. இரண்டிலும் புறாவைவிடச் சண்டை அதிகம். நிஜத்தில் மாடியில் கழியும் நேரத்தில் பெரும்பங்கு அண்ணாந்து பார்ப்பதிலும் எச்சம் சுரண்டுவதிலுமே போகிறது.

மூன்றிலும் ரசிகனுக்கு உரியது கர்ணம்தான். பறந்துகொண்டிருக்கும் புறா சட்டென்று வாலை விரித்து, தலையைப் பின்னுக்குத் தள்ளி, இறக்கையை ஒரு தட்டுத் தட்டி, பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போடுகிறது. கீழே நிற்பவர் காதில் அந்தத் தட்டு விழும். இது சொல்லிக்கொடுத்து வருவதில்லை, ரத்தத்தில் வருவது. பிறந்து சில மாதங்களில் இளம்புறா முதலில் காற்றில் வாலின்மேல் உட்காருவதுபோலத் தடுமாறும். பிறகு அரைக் கரணம், பிறகு முழுக் கரணம். ஒற்றைக் கரணம் போடும் பறவையை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அடுத்தடுத்து நாலைந்து போட்டு, உயரம் குறையாமல், உடனே கூட்டத்தோடு போய்ச் சேரும் பறவையே நல்ல பறவை. எண்ணிக்கைக்கு மயங்கி அளவு மீறி உருளும் பறவைகளையே ஜோடி சேர்த்துக்கொண்டு போனால், உருண்டபடியே வந்து மாடியில் மோதிச் சாகும் குஞ்சுகள் பிறக்கும். டார்வின் குறிப்பிட்ட இந்திய லோட்டன் புறா இதன் கடைக்கோடி: லேசாக உலுக்கித் தரையில் விட்டால் யாராவது எடுத்துத் தேற்றும்வரை புரண்டுகொண்டே இருக்கும். வேடிக்கைதான், ஆனால் ரசனை என்று சொல்ல முடியாது. கரணத்தின் அழகு, கரணம் முடிந்ததும் பறவை பறப்பதில் இருக்கிறது.

வளர்ப்பவனின் நாள் விடியலுக்கு முன்பே தொடங்குகிறது. கூண்டுக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பது தரையை. எச்சம் உருண்டையாகக் கெட்டியாக, மேலே வெள்ளைத் தொப்பி வைத்ததுபோல் இருந்தால் புறா நலம். பச்சையாகத் தண்ணீராகக் கிடந்தால் அந்த ஜோடியைத் தனியே பிரிக்க வேண்டும். சுரண்டும்போது வாயிலும் மூக்கிலும் துணி கட்டிக்கொள்வது நல்லது. புறா இறகிலிருந்து மாவுபோல ஒரு தூள் உதிர்ந்துகொண்டே இருக்கும். ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் நோய் வருவது மருத்துவர்கள் அறிந்த விஷயம். பிறகு தண்ணீர். கோழிபோல ஒரு வாய் எடுத்துத் தலையை நிமிர்த்துவதில்லை, புறா அலகை முக்கி ஒரே இழுப்பாக உறிஞ்சும். அதனால் பாத்திரம் கொஞ்சம் ஆழமாக இருக்க வேண்டும்.

இதெல்லாம் ஆன பிறகு கதவு. புறாக்கள் வெறும் வயிற்றோடு வெளியேறுகின்றன. இந்தக் கலையின் உயிர்நாடி இதுதான். வயிறு நிறைந்த புறா பறக்கச் சோம்பிப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் உட்காரும், கூப்பிட்டால் திரும்பியும் பார்க்காது. பட்டினி கிடந்த புறாவுக்குப் பறக்கத் தெம்பு இருக்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பசி இருக்கிறது. அது பறவைக்குப் பறவை, பருவத்துக்குப் பருவம் மாறும். கைப்பிடித் தானியம் கூடக் குறைய ஆகிவிட்டதை மறுநாள் வானம் காட்டிக்கொடுத்துவிடும். வளர்ந்த ஹோமருக்கு நாளொன்றுக்குச் சுமார் 30 கிராம் கணக்கு. கம்பு, சோளம், கோதுமை, மக்காச்சோளம் ஆகியவை பறக்கும் சக்திக்கு. பச்சைப்பயறும் கொள்ளும் குஞ்சு பொரிக்கும் நாளிலும் இறகு உதிரும் மாதங்களிலும். பல் இல்லாத பறவைக்கு அரைவைக்கல்லும் வேண்டும்: ஆற்றுமணல், செங்கல் நொறுக்கு, வேகவைத்து உடைத்த முட்டை ஓடு, கொஞ்சம் உப்பு. சுற்றிவிட்டு வந்த கூட்டத்தை இறக்க ஒரு சீழ்க்கையும், தானியம் போட்ட டப்பாவின் குலுக்கலும் போதும். இரண்டையும் எப்போதும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். இரை இல்லாமல் டப்பாவைக் குலுக்கி ஒருமுறை ஏமாற்றினாலும் அடுத்த முறை கூட்டம் யோசிக்கும். கம்பெனி பஸ் ஏறுவதற்குள் கூண்டு மூடியிருக்க வேண்டும் என்பதால் இளைஞர்களின் மாடிகளில் பெரும்பாலும் காலைப் பறப்பு சுருக்கம், மாலையே விரிவானது.

ஜோடி சேர்ந்த புறா இரண்டு முட்டை இடும். இரண்டாவது, முதல் முட்டைக்கு இரண்டு நாள் அளவில் பின்னால் வரும். அதற்குப் பிறகே சரியாக அடை உட்காரும் என்பதால் குஞ்சுகள் அதிக முன்பின் இல்லாமல் பொரிகின்றன. அடை 17, 18 நாள். நடுப்பகல் முழுக்க ஆண் உட்காரும், மாலையிலிருந்து மறுநாள் காலைவரை பெண். குஞ்சுக்கு முதல் நாட்களில் தாயும் தந்தையும் ஊட்டுவது தானியம் அல்ல. இரண்டின் தீனிப்பைச் சுவரிலும் சுரக்கும், பாலாடைபோல் வெளுத்த ஒரு பொருள். அதற்குப் புறாப்பால் என்றே பெயர். பாலூட்டிகளில் தாய்ப்பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின்தான் இங்கேயும் வேலை செய்கிறது. அந்த ஹார்மோனுக்கு 1930களில் பெயர் வைத்த அமெரிக்கர் ஆஸ்கர் ரிடில் அதைச் சோதித்து அறிந்ததும் புறாவின் தீனிப்பையில்தான். முதல் வாரத்தில், கால் விரல்கள் இன்னும் மென்மையாக இருக்கும்போது அடையாள வளையம் மாட்டிவிட வேண்டும். சில நாள் தள்ளிப்போட்டால் நுழையாது.

ஒரு மாதத்தில் குஞ்சு தானாக இரை எடுக்கும். உடனே பறக்கவிடுவதில்லை. கூண்டின் தலைமேல் ஒரு கம்பிவலைப் பெட்டி வைத்து, அதற்குள் பல நாள் உட்காரவைத்துச் சுற்றுப்புறத்தைப் பார்க்கவிடுகிறார்கள். ஏரி, சாலை, கோபுரம், செல்போன் டவர் எல்லாம் கண்ணில் பதிந்த பிறகே கதவு திறக்கும். ஹோமர் என்றால் அதற்குப் பின் கூடையில் வைத்து பைக்கில் ஓச்சேரி, அடுத்த வாரம் தாமல், பிறகு காஞ்சிபுரம் என்று தூரம் கூடும். எப்படித் திரும்புகிறது என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. சூரியன் ஒரு திசைகாட்டி என்பது உறுதி. 1971இல் வில்லியம் கீட்டன் புறாக்களுக்குச் சிறு காந்தம் கட்டிவிட்டபோது அவை வெயில் நாளில் திசை தவறவில்லை, மேகமூட்டத்தில் தவறின. பூமியின் காந்தமும் உதவுகிறது என்று அதிலிருந்து தெரிந்தது. இத்தாலியர்கள் மணத்தையும் சேர்த்தார்கள். 2004இல் ரோம் நகரைச் சுற்றி ஜிபிஎஸ் கட்டிப் பறக்கவிட்ட புறாக்களோ நெடுஞ்சாலையைப் பார்த்துப் பறந்து, சாலை சந்திப்பு வந்ததும் திரும்பின. காஞ்சிபுரத்திலிருந்து வரும் காவேரிப்பாக்கத்துப் புறாவும் வாலாஜா பஸ்ஸின் பாதையிலேயே வருவதற்கு நிறைய வாய்ப்பு இருக்கிறது. ஒடிசா போலீஸ் 1946இல் ராணுவத்திடமிருந்து புறாக்களைப் பெற்று, கம்பியில்லாத் தந்தி எட்டாத இடங்களுக்குப் பல பத்தாண்டுகள் செய்தி அனுப்பியது, இந்தக் குணத்தை நம்பித்தான்.

திரும்பிய புறா நுழையும் வழியில் தொங்கும் கம்பிகள் உள்பக்கமாக மட்டுமே ஆடும். தள்ளிக்கொண்டு வரலாம், தள்ளிக்கொண்டு போக முடியாது. கூண்டில் பூட்டு என்று இருப்பது இது ஒன்றுதான். அதுவும் வந்த பிறகுதான்.

வராமல் போவதற்குக் காரணங்கள் பல. குளிர்காலத்தில் ஏரிக்கு நீர்ப்பறவைகள் வரும்போது பைரி என்னும் வேட்டைப்பறவையும் வருகிறது. ஆண்டு முழுதும் இருக்கும் வல்லூறு மாடி உயரத்திலேயே அடித்துத் தூக்கும். பைரி வானத்தில் தெரிந்தால் கூட்டம் சிதறி மேலே மேலே ஏறும். அந்த நேரத்தில் டப்பாவைக் குலுக்கிப் பயன் இல்லை. பட்டத்தின் மாஞ்சா நூல் இறக்கையை அறுத்துவிடும். நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் தடை செய்தும் அது மரக்கிளைகளில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நோய்களில் கொடியது கழுத்தைத் திருகவைப்பது. தலை மேல்கீழாகப் புரண்டு, கண்ணெதிரே இருக்கும் தானியத்தைக் கொத்த முடியாமல் புறா பக்கத்தில் கொத்தும். கோழிகளின் வெள்ளைக்கழிச்சலுக்குக் காரணமான வைரஸின் ஒரு வகைதான் இதற்கும் காரணம். வெள்ளைக்கழிச்சலுக்கு ராணிக்கெட் நோய் என்றும் பெயர். அது இமயமலைப் பக்கத்து ராணிக்கெட், நம் ராணிப்பேட்டை அல்ல. ஆனால் அந்த நோய்க்குத் தடுப்பூசி தயாரிக்கும் நிலையம் 1932இல் தொடங்கப்பட்டு இன்றும் ராணிப்பேட்டையிலேயே இயங்குகிறது. பெயர் ஒற்றுமை பலரைக் குழப்பியிருக்கும்.

கையில் எடுத்துப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. இரண்டு கால்களும் விரல்களுக்கிடையில் வர, மார்பு உள்ளங்கையில் அமரப் பிடிக்க வேண்டும். நல்ல பறக்கும் புறா பார்வைக்குத் தெரிவதைவிட எடை குறைவாகத் தோன்றும். நெஞ்செலும்பின் இரு பக்கமும் சதை இறுகியிருக்கும். இறக்கையை விரித்துவிட்டால் விசிறிபோல மடங்கித் தானே இடத்தில் சேரும். கண் நிறத்தைப் பார்த்தே பந்தயம் சொல்லிவிடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அந்தச் சாஸ்திரத்தில் ஆர்வம் அதிகம், ஆதாரம் குறைவு. இறகின் மினுமினுப்பு ஒன்றைத்தான் நம்பலாம், அது போன மாதத்துத் தீனியைப் பற்றிப் பொய் சொல்லாது.

புதிதாகத் தொடங்குகிறவர் பேர்பெற்ற பெரிய பறவையைத் தேடிப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. வானத்தை வேறு மாடியிலிருந்து பார்த்து வளர்ந்த புறா எத்தனை மாதம் தீனி போட்டாலும் பெரும்பாலும் அந்த மாடியையே வீடாக நினைத்திருக்கும். அதைக் கூண்டிலேயே வைத்துக் குஞ்சு எடுத்து, குஞ்சுகளைத்தான் பறக்கவிட வேண்டும். பொறுமை இழந்து ஒருநாள் கதவைத் திறந்தால் அது நேராகப் போய் விற்றவரின் மாடியில் இறங்கும். அவர் திருப்பித் தந்தால் உண்டு.