பிஸ்கட் கடையும் தொரை பங்களாவும்

மழை விடாமல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜோன் ஃப்ளூக்கின் 'சாக்லேட் சிப் குக்கி மர்டர்' நாவலை ஒரே மூச்சில் வாசித்தேன். 2000இல் வெளிவந்த நாவல். "கொலைக்கதையா? அதுலயும் பிஸ்கட் செய்முறையா?" என்று நண்பர் கிண்டலடித்தார். நானும் அந்தச் சிரிப்போடுதான் ஆரம்பித்தேன். முடிக்கும்போது கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் லேக் ஈடன் என்றொரு கற்பனைச் சிற்றூர். அங்கே ஹன்னா ஸ்வென்சன் 'குக்கி ஜார்' என்ற சின்ன பேக்கரியை நடத்துகிறாள். ஒரு காலையில், பால் கொண்டுவரும் ரான் லசால் கடைக்குப் பின்னால் தன் வண்டியிலேயே சுடப்பட்டுக் கிடக்கிறான். ஹன்னாவின் தங்கை கணவன் பில் போலீஸ்காரன். ஊராரிடம் பேச்சுக்கொடுத்துப் பார்க்கச் சொல்கிறான். அவ்வளவுதான் கதை. ரத்தம் அதிகம் தெரியாத, சாதாரண ஆள் துப்பறியும் இந்த வகையைக் 'கோசி மிஸ்டரி' என்கிறார்கள்.

இந்த நாவலில் எனக்குப் பிடித்தது, அது வம்பை மதிக்கும் விதம். நம் தீவிர இலக்கியத்தில் வம்பு பேசும் பெண் பெரும்பாலும் கேலிக்குரியவள். நம் துப்பறியும் கதைகளிலும் அவளுக்கு இடமில்லை. சங்கர்லால், கணேஷ் – வசந்த் என்று எல்லாரும் ஆண்கள். தேவனின் சாம்பு அசடுதான், ஆனாலும் ஆண் அசடு. இங்கேயோ காப்பி குடிக்க வருகிறவர்கள் ஆளுக்கொரு வார்த்தையை விட்டுவிட்டுப் போகிறார்கள். தட்டு கழுவும் நேரத்தில் ஹன்னா அவற்றைக் கோத்துப் பார்க்கிறாள். கடைக்காரியின் காதும் ஓர் அறிவுக்கருவி என்று நாவல் நம்புகிறது.

நடுநடுவே வரும் செய்முறைகளையும் நான் குறையாகச் சொல்லமாட்டேன். மாவு இவ்வளவு, வெண்ணெய் இவ்வளவு, யார் செய்தாலும் பிஸ்கட் வரும். குற்றத்துக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு, சரியாகப் போட்டால் விடை வரும் என்று அந்தப் பக்கங்கள் நமக்கு ஆறுதல் சொல்கின்றன.

சரி, பொறாமை ஏன்?

நான் இருப்பது நிபோங் திபாலில். ஊருக்கு வெளியே கலிடோனியா தோட்டத்தில் '99 கதவு வீடு' என்று அழைக்கப்படும் ஒரு பாழடைந்த பங்களா இருக்கிறது. அதன் வெள்ளைக்கார முதலாளி ராம்ஸ்டன் 1948இல் கொலை செய்யப்பட்டார். அதே ஆண்டு ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிரகடனமானது. கொலையாளி யார் என்பதற்கு ஊரில் இன்றைக்கும் கதைகள்தான் இருக்கின்றன. இளைஞர்கள் பேய் பார்க்கப் போய்ப் படம் எடுத்துப் போடுகிறார்கள்.

என் பாட்டி பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். "தொர பங்களா கத தெரியுமா பாட்டி?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "நமக்கு எதுக்குய்யா அது? பாத்தேன்னும் சொல்லாத, கேட்டேன்னும் சொல்லாத" என்பார். லயத்தில் சோறு வடிக்கும் ஓசைகூட அடுத்த வீட்டுக்குக் கேட்கும். வம்புக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அது லயத்தைத் தாண்டாது. மண்டோர் காதில் விழுந்தால் வேலை போகும். அவசரகாலத்தில் போலீஸ் காதில் விழுந்தால் ஆளே போகலாம்.

ஹன்னாவின் ஊரில் போலீஸ் குடும்பத்து ஆள். அவள் கேட்கிறாள், எல்லாரும் சொல்கிறார்கள். சொன்னதற்காக யாருக்கும் வேலை போவதில்லை. அந்த நாவலின் உண்மையான கற்பனை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பிஸ்கட் வாசனை அதன் மேல் தூவிய சர்க்கரை.

நமக்குப் பக்கத்திலேயே இதைத் தொட்டுப் பார்த்தவர் சிங்கப்பூர் எழுத்தாளர் ஒவிடியா யூ. 'ஆன்ட்டி லீஸ் டிலைட்ஸ்' (2013) நாவலில் உணவகம் நடத்தும் வசதியான பெரனாக்கான் விதவை துப்பறிகிறார். அவருடைய பிலிப்பைன்ஸ் பணிப்பெண் நினா எல்லாவற்றையும் கவனிக்கிறாள். ஆனால் உரக்கக் கேள்வி கேட்கும் துணிச்சல் முதலாளியம்மாவுக்குத்தான் இருக்கிறது. வேலை அனுமதியை நம்பி வாழ்பவளுக்கு அது எளிதா? ஒவிடியா யூ இந்த வேறுபாட்டை மறைக்கவில்லை. அதனால் எனக்கு அந்த நாவல் ஒரு படி மேல்.

ஃப்ளூக்கிடம் எனக்குள்ள குறையும் இங்கேதான். விடியலில் பால் கொண்டுவந்த உழைப்பாளி ரான். கதை நகர நகர அவன் ஒரு புதிராகச் சுருங்கிவிடுகிறான். விடை கிடைத்ததும் ஊர் நிம்மதியாகிறது. அவன் இல்லாத காலையை நாவல் போதுமான அளவு பார்ப்பதில்லை.

தமிழில் இப்படி ஒன்றை எழுத நினைப்பவர்கள் பேக்கரியைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். நம் ஊரிலும் ரொட்டிக் கடை உண்டு, அதிகாலையில் மாவு பிசைகிற பெண்களும் உண்டு. அவர்களிடம் யாராவது வந்து, "அன்னைக்கு என்னம்மா பாத்தீங்க?" என்று கேட்கட்டும். அவள் உடனே பதில் சொல்லிவிட்டால் நான் நம்பமாட்டேன். கையிலிருக்கிற மாவைத் துடைத்துக்கொண்டு, முதலில் வாசல் பக்கம் ஒருமுறை பார்ப்பாள். நான் வாசிக்க விரும்பும் நாவல் அங்கேதான் தொடங்குகிறது.