மாயச் சந்தைக்கு அப்பால்

1678இல் வெளிவந்த ஜான் பனியனின் ‘மோட்சப் பிரயாணம்’ நூலிலிருந்து நாம் பிரசங்க பீடத்திற்கு எடுத்துச் செல்வது பெரும்பாலும் மாயச் சந்தையையே. உண்மையுள்ளவன் அங்கே இரத்தசாட்சியாய் மரிக்கிறான், சபையார் கண்கலங்குகின்றனர். ஆயினும் நூலின் கூரிய பகுதி சந்தையைக் கடந்த வழியில் உள்ளது. மிகுந்த வருவாயுள்ள சபையைப் பெறும்பொருட்டு ஒரு போதகர் அதிக வைராக்கியத்தோடு பிரசங்கித்து, தம் கொள்கைகளிற் சிலவற்றையும் மாற்றிக்கொள்ளலாமா என்னும் வினா அங்கு எழுகிறது. தகும் என்று வாதிடும் பணப்பிரியன், தெய்வச் செயலையும் துணைக்கழைக்கிறான்! பிரசங்கிப்பதைக் கைவிட மறுத்து 1660 முதல் 1672 வரை சிறையிலிருந்தவரே இவ்வாதத்தை இத்துணை நயமாக எழுதியிருக்கிறார். கிறிஸ்தியான் யூதாஸையும் மாயவித்தைக்காரனாகிய சீமோனையும் சுட்டிக்காட்ட, எதிராளிகள் உடனே வாயடைத்து நிற்கின்றனர். இது சற்று விரைந்த முடிவென்றே கருதுகிறோம். போதகர்களின் இடமாற்றப் பட்டியல் வெளிவரும் நாட்களை அறிந்தோர்க்குப் பணப்பிரியன் இன்னும் பேசிக்கொண்டிருப்பது கேட்கும்.